உருளைக்கிழங்கு ‘மெய்விதை’: மாற்றாகக் ‘காய்விதை’

குழுவினர்க்கு வணக்கம்.

உருளைச் செடியின் காய்க்குள் இருக்கும் விதையை ஆங்கிலத்தில் ‘true potato seed’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் பேராசிரியர் ஐயா முன்வைத்த ‘மெய்விதை’யை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கேரள மலையில் இருக்கும் எங்கள் வட்டவடையில் உருளைக்கு ‘விதை’ என்றால் கிழங்குதான். மூட்டை வந்து இறங்கினால் “விதை வந்தாச்சா?” என்றுதான் கேட்போம். போன மாதம் நான் தமிழாக்கிய ஒரு குறிப்பைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘ஹெக்டேருக்கு 2 முதல் 2.5 டன் கிழங்குக்குப் பதில் 100 முதல் 150 கிராம் விதை போதும்’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். “நூறு கிராமுக்கு ரெண்டு கிழங்குதானேடா நிக்கும்? எந்தக் குழியில போடுவ?” அவர் கேட்டது சரி. என் சொல்தான் தப்பு.

மறுநாள் உருளைச் செடியில் சின்னத் தக்காளிக்காய் மாதிரி தொங்கியதில் முற்றி மெத்தென்று இருந்தவற்றைப் பறித்தேன். பிசைந்து, தண்ணீரில் அலசி, டீ வடிகட்டியில் பிடித்துத் துணியில் உலர்த்தினேன். கத்தரி விதையைவிடச் சிறிய, தட்டையான, வெளிர்மஞ்சள் விதைகள். கிராமுக்குச் சுமார் 1,500 நிற்கும். சித்தப்பா விரல்நுனியில் ஒற்றி எடுத்துப் பார்த்தார். ‘மெய்விதை’ என்று சொன்னேன். “அப்ப நாங்க நட்டதெல்லாம் பொய் விதையா? காய்க்குள்ள இருந்து வருது, காய்விதைன்னு சொல்லு” என்றார்.

எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. ‘மெய்’ என்றால் தாயைப் போலவே பிறக்கும் என்று வாசிப்பவர் நினைப்பார். நடப்பது நேர்மாறு. கிழங்கை நட்டால் அதே ரகம் வரும். காய்விதையில் ஒவ்வொன்றும் தனிப்பிறவி, ஒரே காயின் விதைகள்கூட ஒன்றுபோல் இரா. கிழங்கோடு தலைமுறை தலைமுறையாக வரும் நச்சுயிரிகளில் (வைரஸ்) பெரும்பாலானவை இதில் ஏறுவதில்லை, மண் ஒட்டிவரும் நூற்புழுவும் இல்லை. அந்த நன்மைக்காகத்தான் இந்தப் பாடு.

கிழங்கை ‘விதை’ என்றே விட்டு, காய்க்குள் இருப்பதை ‘வித்து’ என்று பிரித்துவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சமவெளியில் அது செல்லும். இங்கே மலையாளத்தில் நடவுக் கிழங்கும் வித்துதான், பள்ளிப் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் வாசிக்கிறார்கள். ‘காய்வித்து’ என்றால் இன்னும் சிக்கல், ‘காயச்செய்து’ என்ற வினையெச்சமாகிவிடும்.

இதோடு இன்னும் இரண்டு சொல் வேண்டும். காய்விதையை மேட்டுப்பாத்தியில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. என நெருக்கி, சதுர மீட்டருக்கு நூறு செடி நிறுத்தி எடுக்கும் குட்டிக் கிழங்கே அடுத்த பருவத்துக்கு நடவுப்பொருள். அதற்கு ‘நாற்றுக்கிழங்கு’ என்கிறேன்.

அடுத்தது அடர்த்தி. ‘செடியடர்த்தி’ போதாது. 60-க்கு 20 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு எட்டுக் குழி விழும். கிழங்கு ஒன்றுக்கு நாலு தண்டு வந்தால் முப்பதுக்கு மேல் தண்டு நிற்கும். காய்விதை நாற்றுக்கோ பெரும்பாலும் ஒரே முதன்மைத் தண்டு, அதே இடைவெளியில் எட்டுத்தான். தண்டு கூடினால் கிழங்கு எண்ணிக்கை கூடும், பருமன் குறையும். சந்தைக்கா, விதைக்கா என்று பார்த்து இடைவெளியை முடிவு செய்ய எண்ணவேண்டியது தண்டை. ஆகவே ‘தண்டடர்த்தி’.

*

தம்பி, ‘மெய்விதை’யைத் திரும்பப் பெறுகிறேன். தாயைப் போல் பிறக்காது என்ற ஒன்றே போதும். ஆனால் ‘காய்விதை’ வினைத்தொகையாகவும் விரியும்: காய்ந்த விதை, காய்கின்ற விதை. இதற்கு என்ன செய்வீர்கள்?

*

ஐயா, முதல் இடத்தில் ‘உருளைக் காய்விதை’ என்று முழுதாக எழுதி, பக்கத்திலேயே ‘விதைக்கிழங்கு’ என்று வைத்தால் மயக்கம் வராது. ஒன்று விதைக்கான கிழங்கு, மற்றது காயின் விதை. சித்தப்பாவிடம் மறுபடி வாசித்தேன், இந்த முறை நிறுத்தவில்லை.

‘தண்டடர்த்தி’ பற்றி யாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை குறிப்பு அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.