மறு: கழலாத நட்டு, தலை உருண்ட போல்ட்: ஒரே சொல் போதுமா?

அண்ணே, வணக்கம். பழைய வண்டி பழுதுபார்க்கும் கையேட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோமே, அதில் கழலாத நட்டுக்கும் தலை உருண்ட போல்ட்டுக்கும் ஒரே சொல் போதுமா என்ற கேள்விக்கு என் பதில் இது.

> இரண்டுக்கும் சேர்த்து ‘துருப்பூட்டு’ என்று வைத்துவிடலாமே. பழைய வண்டியில் எல்லாம் துருவால் வருவதுதானே.

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே கோளாறு இல்லை, ஒரே பெயரில் அடைத்தால் கையேட்டைப் பார்த்து வேலை செய்கிறவன் போல்ட்டை உடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். ஒன்றில், அதாவது கழலாத நட்டில், மரை (திருகுப் புரி) மாட்டிக்கொண்டிருக்கிறது, ஸ்பேனருக்கு நல்ல பிடி கிடைக்கிறது. இன்னொன்றில் மரை எப்படி இருந்தாலும் ஸ்பேனருக்குப் பிடி இல்லை, அதற்கு எண்ணெயைக் குடம்குடமாக ஊற்றினாலும் வழுக்கத்தான் செய்யும்.

அப்புறம் இந்தத் துரு. இரும்பு துருவாகும்போது முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும், மரையின் இடுக்கில் அவ்வளவு இடம் ஏது, அதனால் கெட்டித்துப் போகிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பெரிய வீட்டுக் கொட்டகைகளில் வருஷக்கணக்காக அசையாமல் நிற்கிற அம்பாசிடருக்கு இது சரி. புல்லட்டின் அலுமினிய ஹெட்டில் மாட்டிய எஃகு ஸ்பார்க் பிளக்குக்கு? இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரித்து வெள்ளையாகப் பொடி கட்டும், அதை யாரும் துரு என்று சொல்வதில்லை. எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை எண்ணெய் தொடாமல் வேகமாக முறுக்கினால் புதுசிலேயே மரையும் மரையும் அப்பிக்கொள்ளும், அங்கே துருவே கிடையாது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய ‘சிக்ரி’ என்கிற மின்வேதியியல் ஆய்வகத்தை, அதுவும் அரிமானத்தை ஆராய்கிற இடத்தை, ஊரிலேயே வைத்துக்கொண்டு காரைக்குடிக்காரர்களே எல்லாவற்றையும் துரு என்று எழுதினால் சிக்ரிக்காரர்கள் சிரிப்பார்கள்.

முதல் கோளாறுக்கு நான் சொல்வது ‘மரைப்பிடிப்பு’. மூச்சுப்பிடிப்பு, தசைப்பிடிப்பு என்கிறோமே, அந்தப் பிடிப்பு. என்ன காரணம் என்று சொல்லாது, நிலையை மட்டும் சொல்லும். ‘மரை பிடித்துக்கொண்டது’ என்று வினையாகவும் ஓடும். முன்னே ஒருவர் சொன்ன ‘இறுகல்’ வேண்டாம், நட்டு இறுகியிருக்க வேண்டும் என்றுதானே முறுக்குகிறோம். ஆச்சிமார் தோட்டில் திருகாணி மாட்டுகிற சுரையை நினைத்து இன்னொருவர் ‘சுரைப்பிடிப்பு’ என்றதும் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் நட்டே இல்லாமல் நேராக இன்ஜின் பிளாக்கில் இறங்குகிற போல்ட்டும் மாட்டிக்கொள்கிறதே.

> தலை உருண்டதற்கு ‘வழுக்குத்தலை’ எப்படி?

எங்கள் வீட்டில் இதைப் படித்துக்காட்டினேன், யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்டார்கள்.

‘பட்டைமழுங்கல்’ என்று வைப்போம். வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறார்களே, நட்டின் ஆறு பக்கமும் பட்டைதான். உண்மையில் மழுங்குவது இரண்டு பட்டை சந்திக்கிற மூலை, ஆனால் ‘முனைமழுங்கல்’ என்றால் போல்ட்டின் அடிநுனி என்று எடுத்துக்கொள்வார்கள். அம்பாசிடரில் இது வருவதற்குப் பெரும்பாலும் துரு காரணமே இல்லை. அதன் போல்ட் பெரும்பாலும் அங்குலக் கணக்கு, அரை அங்குலத் தலை என்றால் 12.7 மில்லிமீட்டர், அதற்குக் கையில் கிடைத்த 13 ஸ்பேனரைப் போடுகிறோம், 0.3 மில்லிமீட்டர் ஆட்டம். அதுவும் பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் என்றால் பிடிப்பது மூலையை மட்டும். ஆறு முனை சாக்கெட் பட்டையில் உட்காரும்.

கையேட்டுக்கு இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன், திருத்துங்கள்:

மரைப்பிடிப்பு: மரைகள் ஒன்றோடொன்று சிக்கி, வழக்கமான விசைக்குக் கழலாத நிலை. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடவும். போல்ட்டின் தலையில் சுத்தியலால் தட்டவும். கழற்றும் முன் சற்றே இறுக்கிப் பார்க்கவும், பிடிப்பு விடும். நட்டை மட்டும் சூடாக்கினால் அது விரிந்து இளகும். பெட்ரோல் டாங்கு, பிரேக் குழாய், ரப்பர் புஷ் அருகே நெருப்பு கூடாது.

பட்டைமழுங்கல்: ஸ்பேனர் பற்ற முடியாதபடி பட்டைகள் தேய்ந்த நிலை. எதிரெதிர் பட்டைகளை அரத்தால் ராவி அடுத்த சின்ன அளவு ஸ்பேனரைப் போடவும், அல்லது சின்ன சாக்கெட்டை அடித்து இறக்கவும். அதுவும் நடக்காவிட்டால் தலைமேல் வேறொரு நட்டை வெல்டிங் வைக்கவும். அந்தச் சூட்டில் மரைப்பிடிப்பும் கூடவே இளகிவிடும்.

பிடிப்பு இருக்கும்போதே பலத்தைக் காட்டினால் மழுங்கல் வரும் என்பதால் கையேட்டிலும் இந்த வரிசையிலேயே இருக்கட்டும்.

முறிந்த போல்ட்டுக்குள் துளை போட்டு இடப்பக்கம் திருகி எடுக்கிற ‘ஈஸி அவுட்’டுக்கு இன்னும் சொல் இல்லை. அது உள்ளேயே முறிந்துபோனால் அந்தக் கடினமான எஃகில் சாதாரண டிரில் பிட் இறங்காது. ஆகையால் ‘எளிதெடுப்பி’ என்று மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம்.