ஆன்லைன் கோச்சோடு மேடைக்குத் தயாரானவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

நண்பர்களே, முதல் முறையாக மென்ஸ் பிசிக் என்ற ஆண்கள் உடற்கட்டுப் போட்டிக்குத் தயாராகிறேன். கோச் ஆன்லைனில்தான். வாராவாரம் எடை, இடுப்பளவு, படங்கள் அனுப்புகிறேன். பார்த்து உணவை மாற்றித் தருகிறார். தசை அதிகம் கரையாமலிருக்க, வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் என்ற வேகத்தில்தான் குறைக்கிறோம். அதில் எனக்குத் திருப்தி.

கவலை போஸிங்கில்தான், அதாவது மேடையில் உடலைக் காட்டி நிற்பதில். குவார்ட்டர் டர்ன் (கால் வட்டம் திரும்பி நிற்பது) எடுக்கும்போது முதுகு விரிந்து நிற்கிறதா என்பது படத்தில் தெரிவதில்லை. வீடியோ அனுப்பினால் போதுமா, இல்லை வீடியோ காலில் நேராகப் பார்க்கச் சொல்ல வேண்டுமா?

அப்புறம், கடைசி வாரம் தண்ணீரையும் உப்பையும் அடியோடு குறைக்கச் சொல்கிறார். தசைக்குள் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர்தானே, குறைத்தால் தசை புடைப்பில்லாமல் தட்டையாகிவிடாதா? மயக்கம் வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. மேடை ஏறியவர்களே, இதை உங்கள் கோச்சிடம் எப்படிப் பேசினீர்கள்?