அம்மாவுக்குத் துத்தநாகக் குறைவு: சைவத்தில் வழி சொல்லுங்கள்

குழு உறவுகளுக்கு வணக்கம். யாங்கோனில் இருக்கிறோம். நான்கு மாதமாக அம்மா தலை வாரினால் முடி கொத்தாகச் சீப்போடு வருகிறது. வாயோரத்தில் தோல் சிவந்து உரிகிறது. அரிவாள்மணையில் பட்ட சிறு வெட்டு ஆற மூன்று வாரம் ஆனது. துத்தநாகக் குறைவாக இருக்கலாம் என்ற மருத்துவர், இரும்புச் சத்தையும் தைராய்டையும் சேர்த்துப் பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார்.

அம்மா சுத்த சைவம். துத்தநாகம் மிகுந்த சிப்பி, இறைச்சி என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறார். பெண்களுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் போதும்தான். ஆனால் தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. ஊறவைத்து முளைகட்டினால் அது குறையும். நல்லவேளை, முளைகட்டி அவித்த பட்டாணி இங்கே காலையில் தெருவிலேயே கிடைக்கிறது. எள்ளும் வேர்க்கடலையும் சேர்ந்த லபெத் (பர்மியர்களின் புளிக்கவைத்த தேயிலைக் கலவை) வாங்கிவந்தேன். அதில் காய்ந்த இறாலைக் கண்டதும் அம்மா தட்டை நகர்த்திவிட்டார்!

தோல் நீக்கிய பூசணி விதை யாங்கோனில் எந்தச் சந்தையில் கிடைக்கும்? அதில் பொடியோ துவையலோ செய்தவர்கள் பக்குவம் சொல்லுங்கள். மாத்திரை வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது 50 மில்லிகிராம்; நாள் வரம்பே 40தான், நெடுநாள் மீறினால் செம்புச் சத்து குறையும்.