கொழிஞ்சாம்பாறை குடும்பக் குழு: செல்வராஜ் மாமாவின் பரிசோதனை முடிவு

பத்மா பெரியம்மா: தம்பிக்கும் எனக்கும் ஒரே இரத்த வகைதான். என் சிறுநீரகத்தைக் கொடுக்க நான் தயாராக இருக்கும்போது, ஏதோ கொழுப்பு நோய் என்று சொல்லி எதற்காகத் தள்ளிப்போடுகிறார்கள்? கவிதா, நீ டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறவள், விளக்கமாக எழுது கண்ணு.

கவிதா: பெரியம்மா, மாமாவுக்கு இருப்பது ஃபேப்ரி நோய். செல்களுக்குள் சேரும் ஒருவகைக் கொழுப்பை உடைக்க வேண்டிய ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் ஏ என்ற நொதி அவர் உடலில் ஏறக்குறைய இல்லை. பிறந்தது முதல் சேர்ந்துவந்த அந்தக் கொழுப்பு, சிறுநீரகத்தின் வடிகட்டும் செல்களைச் சிதைத்ததோடு நிற்காமல், இதயத் தசையிலும் துடிப்பைக் கடத்தும் இழைகளிலும் படிந்திருக்கிறது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் அவருடைய இதயச் சுவர் 16 மில்லிமீட்டர் தடித்திருந்தபோது, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இரத்த அழுத்தத்தால் இப்படி ஆவது வழக்கம்தான் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பழுதான சிறுநீரகத்தால் அழுத்தமும் நீரும் கூடி இதயத்துக்குச் சுமையாவது உண்மையே என்பதால்தான், இரண்டையும் ஒரே நோய் தாக்குகிறது என்பது இத்தனை காலம் கண்ணில் படாமல் போயிற்று.

முருகேசன் சித்தப்பா: மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் இதயமும் சரியாகிவிடும் அல்லவா?

கவிதா: ஆகாது சித்தப்பா. புதிய சிறுநீரகத்தில் கொடுத்தவருடைய நொதி இருப்பதால் அது தன்னைக் காத்துக்கொள்ளும்; ஆனால் மற்ற உறுப்புகளுக்குப் போதுமான நொதியை அதனால் தர முடியாது. நீரும் அழுத்தமும் குறைவதால் இதயத்துக்குச் சற்று ஆறுதல் கிடைக்கும், கொழுப்பு சேர்வதோ தொடரும். அதனால் மாற்று அறுவைக்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நொதி மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். இதயத்தில் தழும்பு விழுந்த பிறகு மருந்தால் அதை மாற்ற முடியாது என்பதே எனக்குப் பெரிய கவலை.

பெரியம்மா, உங்களைத் தடுப்பதற்கும் காரணம் இதுதான். இது மரபணுக்களைத் தாங்கும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் நோய். பாட்டியிடமிருந்து மாமாவுக்கு வந்திருந்தால், உங்களுக்கும் என் அம்மாவுக்கும் அது வந்திருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. பெண்களுக்கு இன்னொரு எக்ஸ் இருப்பதால் ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, அவர்களுக்கும் சிறுநீரகமும் இதயமும் கெடக்கூடும், சற்றுத் தாமதமாக வரலாம், அவ்வளவுதான். பெண்களுக்கு இரத்தத்தில் நொதி அளவு சரியாகவே காட்டலாம் என்பதால் மரபணுப் பரிசோதனையே செய்ய வேண்டும்.

பத்மா பெரியம்மா: மாடியேறினால் எனக்குப் படபடப்பு வருவதை வயதின் கோளாறு என்றே நினைத்திருந்தேன். என் மகன் பிரபு சித்திரை வெயிலில் விளையாடிவிட்டு வந்தால், பாதம் எரிகிறது என்று கிணற்றடிச் சிமெண்டுத் தரையில் தண்ணீரை ஊற்றி அதன்மேல் நின்றுகொள்கிறான். அவனுக்கு வியர்ப்பதே இல்லை. பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறான் என்று அவன் அப்பா திட்டுவார்.

கவிதா: திட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள் பெரியம்மா. கைகால் எரிச்சலும் வியர்வைக் குறைவும் சிறுவயதிலேயே தெரியும் அறிகுறிகள்; சிறுநீரகம் கெடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவை வந்துவிடும். ஆண் பிள்ளை என்பதால் அவனுக்கு நொதிப் பரிசோதனையே பெரும்பாலும் போதும். அவனுக்கு உறுதியானால், அவனுக்கு எக்ஸ் கொடுத்த உங்களுக்கும் உறுதியாகிவிடும்.

செல்வராஜ் மாமா: அக்கா, உங்கள் சோதனை முடிவு வரும்வரை நான் டயாலிசிஸிலேயே இருக்கிறேன். எனக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் படுத்தால் அந்தச் சிறுநீரகம் எனக்கு எதற்கு? ரம்யாவுக்கும் கார்த்திக்குக்கும் என்ன செய்வது கவிதா?

கவிதா: தந்தையின் ஒரே எக்ஸ் மகளுக்கே போகும் மாமா. ரம்யாவுக்கு அது நிச்சயம் வந்திருக்கும், கார்த்திக்குக்கு உங்களிடமிருந்து வராது. ரம்யா, அறிகுறி இல்லாவிட்டாலும் சிறுநீரில் புரதம், எக்கோ, ஈசிஜி மூன்றையும் இப்போதே செய்துகொள்.

ரம்யா: செய்துகொள்கிறேன் அக்கா. இந்த மருந்துக்கு ஆகும் செலவை நாம் தாங்க முடியுமா?

கவிதா: நம்மால் தனியாகத் தாங்க முடியாது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் ஃபேப்ரி சேர்க்கப்பட்டிருக்கிறது. சிறப்பு மையத்தில் பதிவு செய்தவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. உடல் எடைக்கேற்ப மருந்தின் அளவு கூடுவதால் பெரியவர்களுக்கு அத்தொகை வெகுநாள் வராது. ஆனாலும் பிரபுவுக்கும் மாமாவுக்கும் பதிவு செய்தே ஆக வேண்டும். நம் கேரளத்தில் அந்த மையம் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை.

முருகேசன் சித்தப்பா: பாலக்காட்டிலிருந்து அமிர்தா எக்ஸ்பிரஸில் இரவு ஏறலாம். பத்மா அண்ணிக்கும் பிரபுவுக்கும் எனக்கும் நான் டிக்கெட் போடுகிறேன். ரம்யா, அப்பாவின் மரபணு ரிப்போர்ட்டையும் எக்கோவையும் இன்றே நகல் எடுத்து என்னிடம் கொடுத்துவிடு.