ஊடகத் துறை மாணவர்கள் எங்கள் ஊருக்குக் களப்பயிற்சிக்கு வருகின்றார்கள்: அவர்களிடம் என்ன கேட்கலாம்?

குளக்கட்டு எழுதியது:

வணக்கம். பல்கலைக்கழகம் ஒன்றின் ஊடகத் துறையில் மூன்றாம் ஆண்டில் பயிலும் 22 மாணவர்கள் அடுத்த மாதம் முல்லைத்தீவு மாவட்டத்தில் விசுவமடுப் பக்கமுள்ள எங்கள் கிராமத்தில் 5 நாட்கள் தங்கிக் களப்பயிற்சி செய்ய விரும்புவதாக, கிராம அலுவலர் ஊடாக எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கடிதம் வந்திருக்கின்றது. பொதுநோக்கு மண்டபத்தைத் தங்குவதற்குக் கொடுப்பதிலோ சமையலுக்கு ஒழுங்கு செய்வதிலோ எவருக்கும் மறுப்பில்லை. ஆனால், போரினால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை முன்கூட்டியே தயாரித்துத் தருமாறு கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் கேட்டிருப்பதை வாசித்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

2009க்குப் பின்னர் இங்கே வந்துபோன கமராக்களுக்குக் கணக்கில்லை. மே மாதம் பிறந்தால் வாகனங்கள் வரும். அதே வீடுகளுக்குச் சென்று அதே கேள்விகளைக் கேட்பார்கள். எழுதியது எங்கே வெளிவந்தது என்பதுகூட எங்களுக்குத் தெரியவராது. இந்தப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று முடிவுகட்ட எனக்கு மனமில்லை. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படித்த இரண்டு பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருக்கின்றார்கள், அவர்கள் இந்த வருகையைப் பெரிதாக எதிர்பார்த்திருக்கின்றார்கள். பட்டியலைக் கொடுப்பதா, மறுப்பதா? மறுத்தால் அதற்குப் பதிலாக எதைச் செய்யச் சொல்லலாம்? அனுபவமுள்ளவர்கள் கூறுங்கள்.

முன்னாள் மாணவி எழுதியது:

அண்ணா, நானும் இப்படியொரு களப்பயிற்சிக்குச் சென்றவள்தான், ஆகவே உள்ளே என்ன நடக்கின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகின்றேன். அந்த 5 நாட்களுக்கு விரிவுரையாளரே பத்திரிகை ஆசிரியர். காலையில் ஆசிரியபீடக் கூட்டம் போல ஒன்று நடக்கும். ஒவ்வொருவரும் தாம் எழுதப்போகும் விடயத்தைச் சொல்ல வேண்டும், மாலையில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குப் புள்ளி வழங்கப்படும். புள்ளி என்றதும் மாணவர் மனம் எங்கே போகும் என்று நினைக்கின்றீர்கள்? வாசிப்பவரைக் கலங்கவைக்கும் கதைக்கே அதிக புள்ளி கிடைக்கும் என்று நாங்கள் நம்பினோம். நான் ஒரு தாயிடம் அரை மணி நேரம் செவ்வி எடுத்தேன். அவர் அழத் தொடங்கியபோது எனக்குள் ஒரு நிம்மதி தோன்றியது. அதை நினைத்தால் இன்றும் கூசுகின்றது. எங்கள் பயிற்சிப் பத்திரிகை அச்சாகிப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே சுற்றி முடிந்தது. அந்தத் தாய்க்கு ஒரு பிரதிகூடப் போய்ச் சேரவில்லை.

ஆகையால் பட்டியலைக் கொடுக்காதீர்கள், ஆனால் கதவையும் சாத்திவிடாதீர்கள். அதற்குப் பதிலாக ஊரிலே விடை கிடைக்காமல் கிடக்கும் கேள்விகளைக் கொடுங்கள். குளத்தைத் திருத்துவதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, அதில் எவ்வளவு செலவாகியது, வேலை ஏன் பாதியில் நின்றது என்பது போன்ற ஒரு கேள்வி போதும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கின்றது. பிரசை எவரும் கேட்கலாம், ஏன் கேட்கின்றோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, எழுத இயலாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஆனால், தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிப்பதற்கு மட்டுமே 14 வேலை நாட்கள் வரை எடுக்கலாம், தகவலைக் கையில் தருவதற்கு அதற்கு மேலும் நாட்கள் செல்லும். மாணவர்கள் வந்திறங்கிய பின்னர் விண்ணப்பித்தால் அவர்கள் பேருந்து ஏறிப் பல நாளான பிறகே பதில் வரும். சங்கத்திலுள்ள ஒருவர் இந்த வாரமே தமது பெயரில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். பதில் வந்தால் அதை வைத்து மாணவர்கள் எழுதட்டும். வராவிட்டால் மேன்முறையீட்டை எப்படி எழுதுவது என்பதைப் பயிலட்டும்.

ஊரிலுள்ள இரண்டு பிள்ளைகளையும் வழிகாட்டிகளாக அனுப்பாதீர்கள். செய்தியாளர்களாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவர்களுடைய பெயரும் கட்டுரையின் மேலே வர வேண்டும்.

வவுனியா நிருபர் எழுதியது:

தங்கை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பிரதேசச் செய்தியாளனாக நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற வகையில் சிலவற்றைச் சேர்க்கின்றேன்.

தமிழ்ப் பத்திரிகையின் வரலாறு என்று எடுத்தால் 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை, 1959இல் தொடங்கிய ஈழநாடு, 1985இல் தொடங்கிய உதயன் என்று யாழ்ப்பாணத்தையும், 1930இல் தொடங்கிய வீரகேசரி முதலாகக் கொழும்பையும் சுற்றியே பேச்சு போகும். இன்றும் வன்னியில் எழுதப்படும் செய்தி பெரும்பாலும் வடக்கே போய் அல்லது தெற்கே போய்த்தான் திரும்பி வருகின்றது. அங்கே செய்தி மேசையில் இருந்து திருத்துபவருக்கு இடம் தெரியாது. கிளிநொச்சி வன்னிப் பெருநிலப்பரப்பில் இருந்தாலும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்தது; வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகியவை. இதைக்கூடப் பிழையாக அச்சிட்ட நாட்களை நான் பார்த்திருக்கின்றேன். என்னைப் போன்றவர்களுக்குச் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் பணம் வரும். ஒரு குளத்துக்காக 3 நாட்கள் செலவழித்தால் அந்த வாரத்துக்கு வீட்டில் உலை வைப்பது சிரமம். சம்பளத்தைப் பற்றிக் கவலையில்லாமல் 5 நாட்கள் ஓர் ஊரில் இருக்கும் வசதி மாணவருக்குத்தான் வாய்க்கின்றது. அந்த நாட்களைச் சோகப் பின்னணி இசையுடன் ஒரு காணொளி செய்வதில் கரைத்துவிட்டால் அதைவிட வீண் வேறில்லை. (வானிலிருந்து எடுக்கும் காட்சியும் கட்டாயம் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எந்த ஊரும் அழகுதான்.)

ஒரு நாளாவது அவர்களை முல்லைத்தீவு நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். 2023 யூன் மாத இறுதியில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அந்த அகழ்வைப் பற்றி எழுதுவதற்கு உணர்ச்சி மட்டும் போதவில்லை. நீதவானின் கட்டளை எதைச் சொல்கின்றது, சட்ட வைத்திய அதிகாரியின் பொறுப்பு எது, தொல்லியல் அறிஞரின் பொறுப்பு எது, எந்த எண்ணிக்கை உறுதியானது, எது வாய்ப்பேச்சு என்று பிரித்தறியத் தெரிந்தவர் எழுதியதே நின்றது. அந்தப் பயிற்சி வகுப்பறையில் கிடைப்பதில்லை.

கச்சான் தோட்டம் எழுதியது:

நான் 2017 பெப்ரவரி 20 முதல், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நீதி கேட்டுக் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் போராட்டத்தில் இருந்த தாய்மாரில் ஒருத்தி. என் மகனைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணவில்லை. இனியும் சொல்வேன், அது என் கடமை. ஆனால் எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை நான்தான் தீர்மானிக்க வேண்டும், ஒரு பட்டியல் தீர்மானிக்கக்கூடாது. எனவே தம்பி, பட்டியல் கொடுக்க வேண்டாம். பேச விரும்புபவர்கள் மண்டபத்துக்குத் தாங்களே வரட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஒரு ஏக்கரில் கச்சான் செய்கின்றேன். குரங்கு வந்து பிடுங்கிப் போகின்றது, மிஞ்சியதை வாங்க வரும் வியாபாரி வயல் வரம்பில் நின்று தான் நினைத்த விலையைச் சொல்கின்றார், அந்த விலை சந்தையில் என்னவாக மாறுகின்றது என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் வந்த செய்தியாளர்கள் எல்லோரும் அந்தக் கச்சானைக் கடந்துதான் வீட்டுக்குள் வந்தார்கள். ஒருவராவது அதைப் பற்றிக் கேட்டதில்லை. மாணவப் பிள்ளைகளில் ஒருவர் அந்த மூட்டையின் பின்னாலேயே போய், எவர் கையில் எவ்வளவு தங்குகின்றது என்று எழுதினால், நான் அதை வாசிப்பேன்.

குளக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு சங்கக் கூட்டத்தில் உங்கள் பதில்களை வாசித்துக் காட்டினேன். பட்டியல் கொடுப்பதில்லை என்று முடிவாகியது. துறைத் தலைவருக்கு எழுதும் பதிலில், அம்மா சொன்ன கச்சான் மூட்டையும் குளமும் முதலிரண்டு விடயங்களாக இருக்கின்றன. ஐந்தாம் நாள் மாலையில் எழுதியவற்றை மண்டபத்தில் ஊர் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும், பிழை சொன்னால் திருத்த வேண்டும், அச்சான பின் 50 பிரதிகள் எங்கள் வாசிகசாலைக்கு வர வேண்டும் என்றும் கேட்கின்றோம். வாசித்துக் காட்டுவதற்கு மாணவர்கள் தயங்கக்கூடும் என்று ஒருவர் சொன்னார். தயங்கட்டும், எங்களுக்கும் செவ்வி கொடுக்கும்போது தயக்கம் இருந்தது.

தகவல் விண்ணப்பத்தில் மட்டும் ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கின்றது. எங்கள் குளத்தின் கீழ் ஏறத்தாழ 120 ஏக்கர் வயல் இருக்கின்றது. இதைக் கமநல சேவை நிலையத்தில் கொடுப்பதா, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கொடுப்பதா?

வவுனியா நிருபர் எழுதியது:

200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் குளம் சிறு குளம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. கமநல சேவை நிலையத்தில் கேட்டால் தகவல் அலுவலர் யாரென்று சொல்வார்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டைத் திகதியுடன் வாங்க மறவாதீர்கள்.