சாவுக்கு வராத கண்ணீர் ஒரு கணக்கு நோட்டுக்கு வந்தது ஏன்?

கேள்வி:
சென்ற வாரம் ஒரு நாவலைப் படித்து முடித்தேன். பெயரைச் சொன்னால் பேச்சு கதைச் சுருக்கத்தின் பக்கம் போய்விடும் என்பதால் தவிர்க்கிறேன். அதில் ஒரு தாயின் இறப்பு இருபது பக்கங்களுக்கு மேல் விரிகிறது; நன்றாகவே எழுதப்பட்டிருந்தும் அதைக் கலங்காமல்தான் கடந்தேன். உறவினர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, மகள் அலமாரியிலிருந்து அம்மாவின் வீட்டுக் கணக்கு நோட்டை எடுக்கிறாள். எழுதிய கடைசிப் பக்கத்தில் ஒரு தேதி மட்டும் இருக்கிறது, கீழே ஒன்றுமில்லை. அவள் பேனாவைத் தேடி எடுத்து, அந்தத் தேதியை அடிக்காமலேயே, அதன் கீழே அன்றைய பால் கணக்கை எழுதுகிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது. நான் வெகுநேரம் அழுதேன். ஐந்து நாளாகியும் வேறு எந்தப் புத்தகத்திலும் மனம் ஒட்டவில்லை. சாவைப் படித்தபோது வராத அழுகை பால் கணக்குக்கு ஏன் வந்தது?

மறுமொழி 1:
தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அழுகையைக் கூறி, அது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினால் பிறக்கும் என்கிறது. இழவு, இழப்பு. அசைவுக்கோ, பண்டை நிலைமை கெட்டு வருந்துதல் என்று உரை உண்டு. இருபது பக்கங்களில் ஆசிரியர் காட்டியது இழவு. அந்தத் தேதிக்குக் கீழே கையெழுத்து மாறுகிறதே, அது அசைவு. வீட்டின் கணக்கு இனி வேறொருத்தியின் கணக்கு. நீங்கள் அழுதது இரண்டாவதற்கு என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2:
விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் நான்கு பெயர்களை வைத்துக்கொண்டு எந்தக் கண்ணீரையும் ஏதாவது ஒன்றில் அடக்கிவிடலாம் என்பது என் பழைய சந்தேகம். எனக்கு வேறு இரண்டு கேள்விகள். அந்த நோட்டு கதையில் முன்பே வந்ததா? முதன்முறையாக அந்த இடத்தில்தான் ஆசிரியர் அதை எடுத்து நீட்டினார் என்றால், மன்னிக்கவும், அது வாசகரை அழவைக்கச் செய்த உத்தி. இரண்டாவது, உங்கள் தாயார் கணக்கு எழுதுகிறவரா? நம் சொந்த நினைவு செய்த வேலைக்கு நாவலைப் பாராட்டுவது நம் எல்லோருக்கும் நேர்வதுதான்.

கேட்டவர்:
உங்கள் முதல் கேள்விக்காகவே மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். நோட்டு முன்பு இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்றில் அம்மா அதை விசிறியாக வீசிக்கொள்கிறாள். மற்றதில், கூட்டலில் விட்டுப்போன சிறு தொகைக்காக மகளுக்கும் அவளுக்கும் சண்டை நடந்து, "இனிமேல் நீயே எழுது" என்று அம்மா எழுந்து போகிறாள். முதல் வாசிப்பில் அந்த வரியை நான் கவனித்ததாகவே நினைவில்லை. ஆசிரியரும் பிறகு ஓரிடத்தில்கூட அதை நினைவூட்டவில்லை. மகளும் நினைத்துப் பார்ப்பதாக எழுதவில்லை. மற்றபடி, என் அம்மா நலமாக இருக்கிறார். வாழ்நாளில் ஒரு நாளும் கணக்கு எழுதியவர் அல்லர்.