வலது கைப் பெருவிரலருகே ஓயாத துடிப்பு: எதனால்?

ஊசியும்நூலும் (கோண்டாவில்):
வணக்கம். எனக்கு 41 வயது, வீட்டோடு தையல் வேலை. மூன்று கிழமையாக வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை தானாகத் துடிக்கிறது. தோலுக்கடியில் மீன்குஞ்சு புரள்வதுபோல் கண்ணுக்கே தெரிகிறது. சில வேளை சுட்டுவிரலும் கூடவே அசைகிறது. வலி இல்லை. கத்தரிக்கோலைப் பிடித்தால் நின்றுவிடும், கையை மடியில் வைத்தால் தொடங்கிவிடும்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் சாறிச் சட்டைகளைத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்பதால் இரவு ஒரு மணிவரை மெஷினில்தான் இருக்கிறேன். கண் சொருகாமல் இருக்க ஆறேழு கோப்பை பிளேன்ரீ.

அம்மா பஞ்சாங்கத்தை எடுத்துத் துடிப்புப் பலன் பார்த்தார். பெண்ணுக்கு வலப்பக்கம் துடித்தால் ஆகாதாம். எனக்குப் பலன் வேண்டாம், காரணம்தான் வேண்டும். அயல்வீட்டுப் பெரியவருக்குப் பார்க்கின்சன் நோய். அவர் கை ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அதுதானோ என்று வயிறு கலங்குகிறது.

பழைய தாதி:
தங்கச்சி, நான் வைத்தியர் அல்ல, 31 வருடம் வாட்டில் நின்றவள். பார்க்கின்சனில் விரல்கள் மாத்திரை உருட்டுவதுபோல் ஒரே தாளத்தில் ஆடும். நீங்கள் சொல்வது நடுக்கம் அல்ல, ஒரு தசையின் சிறு கீற்று துள்ளுவது. இரண்டும் வேறு.

தூக்கம் கெட்டால், தேயிலை கூடினால், மனம் பதறினால், ஒரே தசையை ஓயாமல் வேலை வாங்கினால் இப்படித் துடிக்கும். உங்களிடம் நான்குமே இருக்கின்றன! பெரும்பாலும் சில கிழமைகளில் தானாக அடங்கிவிடும்.

ஆனால் அந்த இடம் என்னை யோசிக்க வைக்கிறது. பெருவிரலருகே என்றால் எல்லோரும் மணிக்கட்டைத்தான் சந்தேகிப்பார்கள். அந்தச் சதைக்கு வருவதோ முழங்கையின் உட்புறமாக ஓடும் அல்நார் நரம்பு. முழங்கையை எங்காவது இடித்தால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டுமே, அதே நரம்புதான். சின்னவிரலும் மோதிரவிரலும் விறைக்கின்றனவா? முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுகிறீர்களா? ஒரு தாளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் இடையில் இறுக்கிப் பிடித்து, யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள். தாளைக் காக்கப் பெருவிரல் நுனி மடங்கினால் அந்த நரம்பு சோர்ந்திருக்கலாம்.

மருந்து ஏதும் எடுக்கிறீர்களா? ஆஸ்துமாவுக்கான சல்பியூட்டமோல் கையை நடுங்க வைக்கும். சிறுநீர் போக்கும் மாத்திரை பொற்றாசியத்தைக் குறைக்கலாம். வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் வருடக்கணக்கில் எடுத்தால் மக்னீசியம் குறையலாம். தைரொயிட்டும் பார்க்க வேண்டும்.

செம்மண்காரன்:
அக்காவுக்கு இது பொருந்தாது, ஆனாலும் வாசிப்பவர்களில் தோட்டக்காரரும் இருப்பார்கள். ஒரு வருடம் வெங்காயத்துக்கு வெறுங்கையோடு பூச்சிமருந்து அடித்தேன். பின்னேரம் கை, கன்னம், தொடை எல்லாம் துடித்தன. வாயில் எச்சில் ஊறி வழிந்தது, வேர்த்துக் கொட்டியது, பார்வை மங்கியது. சில பூச்சிமருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்குவதுபோலவே எங்கள் நரம்பையும் தாக்கும் என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. இப்படி வந்தால் தேசிக்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு 1990 என்ற இலக்கத்தில் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து:
இணையத்தில் தேடாதீர்கள் அக்கா. எனக்கு இடது கையில் துடித்தபோது தேடிப் பார்த்து, இயக்க நரம்பணு நோய்தான் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல அழியும் நோய்) என்று நானே தீர்ப்பெழுதி இரண்டு மாதம் தூங்கவில்லை. தூங்காததால் துடிப்பு இன்னும் கூடியது. பிடி வலுவாக இருக்கிறதா என்று நாளுக்கு இருபது தடவை போத்தல் மூடியைத் திருகிப் பார்த்ததில் கை வேறு களைத்துவிட்டது. அந்த நோயில் பலவீனமும் சதை வற்றுவதும் சேர்ந்து வரும் என்று நரம்பியல் வைத்தியர் விளக்கினார். தசையில் ஊசி குத்திப் பார்க்கும் பரிசோதனையும் சுகமாகவே வந்தது.

ஊசியும்நூலும்:
எல்லோருக்கும் நன்றி. மகள் தாளை இழுத்தாள். தாள்தான் கிழிந்தது, பெருவிரல் மடங்கவில்லை. மருந்து எதுவும் எடுப்பதில்லை. ஆனால் முதலில் ஒன்றைச் சொல்ல மறந்திருக்கிறேன்: காலையில் எழும்போது சின்னவிரல் விறைத்திருக்கும். கொக்கி தைக்கும்போது வலது முழங்கையைப் பலகை விளிம்பில் ஊன்றித்தான் தைக்கிறேன். அந்த இடத்தில் தோல் கறுத்துக் காய்த்தே போயிருக்கிறது. படுப்பதும் கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துத்தான்.

பழைய தாதி:
பார்த்தீர்களா! பலகை விளிம்பில் தடித்த துணி போடுங்கள். இரவில் முழங்கை மடங்காதபடி துவாயைத் தளர்வாகச் சுற்றிப் படுங்கள். அதற்காக வைத்தியரிடம் போகாமல் விடவேண்டாம். அந்தச் சதை குழி விழுந்தாலோ, ஊசி கையிலிருந்து நழுவினாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். திடீரென முகம் கோணி, பேச்சுக் குழறி, ஒரு பக்கக் கை விழுந்தால் அது பாரிசவாதம், அங்கே கிளினிக் நாள் பார்க்கவே கூடாது.

ஊசியும்நூலும்:
பத்து நாளாகத் துவாயோடு படுக்கிறேன், பிளேன்ரீ இரண்டோடு சரி. விறைப்புக் குறைந்திருக்கிறது. துடிப்பு வருகிறது, ஆனால் முன்போல் மணிக்கணக்கில் இல்லை. வைத்தியர் கல்சியத்துக்கும் தைரொயிட்டுக்கும் இரத்தம் எடுத்திருக்கிறார். விறைப்பு முற்றாகப் போகாவிட்டால் நரம்புப் பரிசோதனைக்குக் கடிதம் தருவாராம். மீதி 14 சட்டைகளுக்குக் கொக்கி தைக்கும் வேலையை மகளிடம் கொடுத்துவிட்டேன். அவளும் முழங்கையை அதே விளிம்பில்தான் ஊன்றுகிறாள்.